மிட்டுவுக்கு வைத்த கோழி

எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்றால் நாற்பது நாளும் கறியும் மீனும் படியேறாது. எனக்குப் பத்து வயதான அந்த வருடம் மட்டும் தினமும் கோழிக்கறி வெந்தது, நாய்க்காக. வயிறு எரியாமல் இருக்குமா?

நாய் சித்தியுடையது. சித்தி அம்மாவின் தங்கை, பள்ளிக்கூட டீச்சர், பெசன்ட் நகரில் எங்களோடுதான் இருந்தாள். அம்மா அலுவலகத்திலிருந்து வர எட்டு மணியாகிவிடும். எனக்குச் சோறு போடுவது, வீட்டுப்பாடம் சொல்லித்தருவது, கடற்கரைக்குக் கூட்டிப்போவது எல்லாம் சித்திதான். அவள் எனக்கே எனக்கு என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் யாரோ வளர்க்க முடியாமல் கொடுத்த பக் நாய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெயர் மிட்டு. அன்றே அது சித்தியின் பக்கத்தில், என் இடத்தில் படுத்துக்கொண்டது.

மிட்டுவுக்கு ஒரே ஒரு குறை, ஓயாமல் காற்றுப் பிரிந்தது. அத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை நாற்றம் வரும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜெபமாலை பாதியில் நின்றுவிடும். சித்தி அதை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். சப்பை மூக்கு நாய் அவசரமாகத் தின்னும்போது காற்றையும் சேர்த்து விழுங்குகிறது என்றார் அவர். பாலும் பிஸ்கட்டும் கூடாது, பருப்பு, பயறு, கடலை கூடவே கூடாது. உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், ஒத்துவராவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

சித்தி கோழியை ஆறவைத்து, எலும்பு நீக்கி, விரலால் பிய்த்து, அகலமான தட்டில் பரப்பி வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் கொண்டைக்கடலைச் சுண்டல் தின்ன வேண்டும். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் சித்தி குளிக்கப் போன நேரம் தட்டை மாற்றிவிட்டேன். கோழியை நான் தின்றேன், சுண்டலை மிட்டு தின்றது. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டதால் தினமும் அப்படியே நடந்தது.

நாற்றம் இரண்டு மடங்கானது. கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்று சித்தி மீனுக்கு மாறினாள். "இன்னா டீச்சரம்மா, தவக்காலத்துல மீனு வாங்கினு போறே? நாய்க்கா? குடுத்து வெச்ச நாயிதான்!" என்று மீன்காரம்மா சிரித்தாள். மீனையும் நான்தான் தின்றேன். பிறகு சோற்றை நிறுத்தி உருளைக்கிழங்கு வந்தது, அதன் பிறகு பூசணிக்காய். பூசணிக்காயை மட்டும் நான் தொடவில்லை, ஆனால் சுண்டல் தினமும் மிட்டுவுக்குப் போனது. தவக்காலத்தில் கறி தின்றதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பும் வாங்கிவிட்டேன். நாய்க்குச் சுண்டல் போட்டதைச் சொல்லவில்லை. அது பாவம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லையே.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல. இத எங்கயாவது குடுத்துடு."

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"குடுக்க மாட்டேன்க்கா," என்றாள் சித்தி. "வேணும்னா நான் தனியா வீடு பாத்துட்டுப் போயிடறேன்."

போகாதே என்று அம்மா சொல்வாள் என நினைத்தேன். "உன் இஷ்டம்," என்றாள்.

அந்த வாரமே சித்தி இரண்டு பெட்டியோடும் மிட்டுவோடும் பெருங்குடிக்குப் போய்விட்டாள். ஈஸ்டர் அன்று போன் செய்தாள். மிட்டுவுக்குச் சுத்தமாகச் சரியாகிவிட்டதாம். மறுபடியும் அதே கோழியும் சோறும்தான் கொடுக்கிறாளாம். "இடம் மாறினது ஒத்துக்கிச்சு போல," என்று சிரித்தாள்.

போனை வைத்ததும் எனக்கு அழுகை தாங்கவில்லை. அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதுகில் நாலு விழும் என்று பார்த்தால், அவள் என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இத சித்திகிட்ட சொல்ல வேணாம். அவ இல்லன்னா என்னடி, உனக்கு நான் இல்லையா?"

"எனக்குச் சித்திதான் வேணும்," என்றேன்.

என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் பின்னாலேயே ஓடி, அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் தவக்காலத்தில் கறியே தின்ன மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.