ஊருக்கு வந்தும் கனடாவில் நின்ற கமரா

நேற்று மடத்துவெளியில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளை ரெடி, பொம்பிளை ரெடி, ஐயரும் ரெடி. கமரா மட்டும் கனடாவில்!

(கமரா என் கையில்தான் இருந்தது. அதுதான் கதையே. பொறுமையாக வாசியுங்கள்.)

பொம்பிளை என் சிநேகிதி தர்சினி. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கனடா போன அப்பாவுக்கு, அங்கே தங்குவதற்கான விசா அலுவல் இன்னும் முடியவில்லை. மகளின் கலியாணத்துக்குக்கூட வர வழியில்லை.

"நான் அங்க இல்லாட்டியும் என்ர கண் அங்க இருக்கவேணும் பிள்ளை" என்று சொல்லி, லைவ் போடும் பொறுப்பை என்னிடம் தந்தார் அங்கிள்.

எனக்கு இதுதான் முதல் ஓடர்!

கமரா, லீவில் வந்த மச்சாள் கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்தது. இதுவரை அதில் எடுத்ததெல்லாம் மண்கும்பான் கடற்கரையும் எங்கள் வீட்டுச் சேவலும்தான். (சேவல் நல்ல மொடல். மேக்கப் கேட்காது.)

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் வெள்ளோட்டம் பார்த்தோம். ஹோலில் மணவறை போட்டு, வழக்கப்படி மேலே வெள்ளைத் துணியும் கட்டியாகிவிட்டது. கமராவை லப்டொப்பில் பூட்டி, தர்சினியை இருத்தி, அங்கிளுக்கு லைவ் கொடுத்தேன்.

"பிள்ளை, என்ன இது? தர்சினியின்ர முகத்தில கறுப்புக் கறுப்பாக் கோடு ஓடுது!"

பார்த்தேன். உண்மைதான். ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தது.

கலியாண வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சமா?

"உப்புக் காத்துப் பட்டிருக்கும்" என்றார் தர்சினியின் சித்தப்பா.

"கனடாச் சாமான் எண்டுதான் பேர். உள்ளுக்க என்ன கிடக்கோ!" இது பந்தல் போட வந்த அண்ணை.

தர்சினியின் அம்மாவுக்கோ முகமே வாடிவிட்டது. "நல்ல காரியத்தில பிள்ளையின்ர முகத்தில கறுப்புக் கோடு விழுறது எனக்கு மனசுக்குச் சரியில்லை. லைவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அவர் பிறகு படத்தைப் பாக்கட்டும்."

திரையில் இருந்த அங்கிள் சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

கமராவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். (அழத்தான்!)

அழுவதற்கு முன், அங்கே நின்ற ஆட்டுக்குட்டியை சும்மா ஒரு வீடியோ எடுத்தேன். கோடு இல்லை!

உள்ளே ஓடிவந்து எடுத்தேன். கோடு!

மறுபடி வெளியே. இல்லை!

("இவளுக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்று யாரோ குசினிக்குள் கேட்டது காதில் விழுந்தது.)

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெயிலில் இல்லாத கோடு, ரியூப் லைட்டில் மட்டும் வருகிறது. அப்படியென்றால் கமராவில் பழுது இல்லை!

ரியூப் லைட் நம் கண்ணுக்கு நின்று எரிவதுபோல் தெரியும். உண்மையில் அது கரண்டின் துடிப்புக்கு ஏற்ப மினுங்கி மினுங்கித்தான் எரிகிறது. எங்கள் நாட்டுக் கரண்டின் கணக்கு செக்கனுக்கு ஐம்பது, கனடாவில் அறுபது. கமரா அந்தக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் கோடு விழும். கமராவின் மெனுவைத் திறந்தால், இவர் அறுபதில் குந்திக்கொண்டிருக்கிறார்! ஷட்டர் வேகமும் செக்கனில் அறுபதில் ஒன்று. ஊருக்கு வந்து இத்தனை மாதமாகியும், "எங்கட கனடாவில..." என்று தொடங்கும் சொந்தக்காரர் மாதிரியே!

ஐம்பதுக்கு மாற்றி, ஷட்டரையும் ஐம்பதில் ஒன்றாக்கினேன். கோடு போயே போய்விட்டது!

(வெளிநாட்டுக் கமரா வைத்திருப்பவர்களே, உங்களுடையது எந்த நாட்டில் நிற்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.)

"அன்ரி, ஒருக்கா வந்து பாருங்கோ!"

தர்சினியின் அம்மா வந்து பார்த்தார். "கோட்டைக் காணேல்லைத்தான். ஆனா முகம் ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரிக் கிடக்கு?"

அது என் புது லைட்டின் வேலை. நேரே முகத்தில் அடித்து வைத்திருந்தேன்.

"எடியேய், பொலிஸ் விசாரணைக்கு இருத்தின மாதிரி இருக்கு. கண்ணைத் திறக்க ஏலாது!" என்றாள் தர்சினி.

லைட்டைக் குறைத்தால் படம் இருட்டு. கமரா வெளிச்சம் பிடிக்கும் அளவை, அதுதான் ஐ.எஸ்.ஓவை, கூட்டினால் முகமெல்லாம் ரவை தூவியதுபோல் புள்ளி. கடவுளே என்று மேலே பார்த்தேன்.

மேலே வெள்ளை! நல்ல அகலமாக, மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி!

படம் எடுப்பவர்கள் வெளிச்சத்தைத் தெறிக்கவைக்கத் தேடி வாங்கும் சாமானை, எங்கள் ஆட்கள் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் தலைக்கு மேலே கட்டிவிட்டல்லவா வேலையைத் தொடங்குகிறார்கள்!

லைட்டை மேலே திருப்பினேன். வெளிச்சம் வெள்ளையில் பட்டு, மெதுவாகக் கீழே இறங்கியது. தர்சினி கண்ணைத் திறந்து சிரித்தாள்.

அன்ரி திரைக்குக் கிட்டக் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தார். "சரி, நாளைக்கு அவருக்குப் போடும்" என்றார்.

நேற்று மணவறைக்கு நேரே ஒரு கதிரை போட்டு, அதில் லப்டொப்பை வைத்தார் அன்ரி. (அந்தக் கதிரையில் வேறு ஒருவரையும் இருக்க விடவில்லை.) தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாதான். ஆனால் திரையில் அங்கிளும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இருந்தார்.

தாலி கட்டி முடிந்ததும் மெதுவாகக் கேட்டேன். "அங்கிள், வடிவாத் தெரியுதோ?"

"ஓம் பிள்ளை. அவளின்ர நெத்தியில இருக்கிற தழும்பு கூடத் தெரியுது. சைக்கிள் பழக்கேக்க நான் கையை எடுத்திட்டன், விழுந்து போனாள்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. (போகஸ் மட்டும் கலங்கவில்லை!)

"விசாப் பேப்பர் கிட்டடியில வந்திடும் எண்டு லோயர் சொல்லுறார். நான் வந்து இறங்கேக்க நீர்தான் படம் எடுக்கவேணும், சரியோ?"

இதுதான் எனக்கு வந்த இரண்டாவது ஓடர். திகதி மட்டும் இன்னும் இல்லை.

"நீங்கள் எப்ப வந்தாலும் நான் வருவன் அங்கிள்" என்றேன்.

கமராவை ஐம்பதிலேயே விட்டிருக்கிறேன்.