அத்தையின் அரைமணி

அத்தை என் முகத்தின் மேல் கால் வைத்துத்தான் தினமும் யோகா செய்தாள். என் காதுகுத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனரை மடித்து மொட்டைமாடியில் விரித்திருந்தாள். கிரீடம் வைத்த என் முகம் சரியாக அவள் குதிகாலுக்குக் கீழே வந்தது. பதினொரு வயதுக்காரிக்கு ரோஷம் வர இதைவிட என்ன வேண்டும்? சண்டை போட்டேன். மறுநாளே பேனரைத் திருப்பி வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி போட்டுக்கொண்டாள். அதிலும் எனக்குத் திருப்தி இல்லை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகி ஒரே வருடத்தில் சின்ன காஞ்சிபுரத்துக்கே திரும்பி வந்தவள். அம்மா விடியும் முன்பே கம்பெனி வேனில் வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் தண்ணீர் பிடிப்பது, சமையல், துணி எல்லாம் அத்தை தலையில். அது போதாதென்று தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவையும் அவள்தான் குறுக்கே ஓடவிடவேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் சேலையில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு நூலும் ஒன்றையொன்று கவ்வவேண்டும். கோர்வை என்பது அதுதான். ஒருத்தர் எழுந்தால் தறி நின்றுவிடும்.

இருபது வருடம் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்ததில் அவளுடைய வலது தோள் இறங்கிப்போய், கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள முடியாத நிலை. யாரோ சொல்லி, ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச யோகா முகாமுக்குப் பத்து நாள் போனாள். அதற்குப் பிறகு காலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரை மாடிதான். ஒருநாள் விட்டதில்லை. ஒரு மாதம் கழித்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு எங்களிடம் காட்டினாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. நான் டிவியிலிருந்து எடுக்கவில்லை.

நெசவுக்காரன் வீட்டில் யோகா எதற்கு, காலும் கையும் ஆடுகிற தறியே யோகாதானே என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தினமும் டீக்கடையில் அரசியல் பேசிய ஒரு மணி நேரமும் தறி நின்றுதான் கிடந்தது. அதை யாராவது கேட்டார்களா? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோடை விடுமுறை வந்ததும், அந்த அரைமணிக்கு அத்தையின் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார் அப்பா. நான் பார்க்கும் கார்ட்டூன் சரியாக ஏழு மணிக்கு. ஒருநாள் மாடிக்குப் போய்ப் பார்த்தால் அத்தை கண்ணை மூடி, கை காலைப் பரப்பி மல்லாந்து கிடக்கிறாள். கேட்டால் அதுவும் ஓர் ஆசனமாம். நான் கீழே உழைப்பது, இவள் மேலே படுத்துக் கிடப்பது! நியாயமே செத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை வேண்டுமென்றே செய்தேன். மூன்று வரி ஒழுங்காகக் கவ்வவிட்டு, நாலாவது வரியில் கரை நூலைக் கோர்க்காமல் விட்டேன். மறுபடி மூன்று, மறுபடி ஒன்று. அப்பா மாடிப்படியையே முறைத்துக்கொண்டு நெய்ததால் கவனிக்கவில்லை. துணியைச் சுருட்டப் போனபோதுதான் உடலுக்கும் கரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"உனுக்குத் தோள் வலின்னா என் தறி பாழாப் போவணுமாக்கா?"

அத்தை இறங்கி வந்தாள். தறியில் உட்கார்ந்து, நான் கெடுத்த இடத்தை ஒவ்வொரு நூலாகப் பிரித்தாள். அப்பா டீக்கடைக்குப் போய்விட்டார். பாதியில் அவள் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தெரியாம உட்டா தாறுமாறா இருக்கும்மா," என்றாள். "இது எண்ணி எண்ணி உட்ட மாதிரி இருக்குது."

அப்பா வந்ததும் சொல்லிவிடுவாள், முதுகுத்தோல் உரியும் என்று வாசலில் போய் நின்றேன். அவள் சொல்லவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு அவள் மாடிக்கும் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பேனர் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகி, என் முகம் கிரீடத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நான் கார்ட்டூன் பார்த்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

அப்பாவிடம் அத்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அரைமணி அவளிடமே இருந்திருக்கும். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொடுத்து என் முதுகைக் காப்பாற்றிவிட்டாள். அப்பாவை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னை மட்டும் எப்படி மன்னிப்பது?

விடுமுறை முடிவதற்குள் அத்தைக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. சாயங்காலம் நான் டிவி பார்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறுபடி இறங்கத் தொடங்கியிருந்த வலது தோளை என்மேல் சாய்த்துக்கொள்வாள். நான் நகர்ந்தால், கொஞ்ச நேரம் அப்படியே இரு என்பாள். அத்தைக்குக் கோபம் போய்விட்டது, என்மேல் பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.