பத்து லட்சத்து ஒன்று

சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அம்மாவின் கடைசித் தங்கையான அவள், பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, ஓசூரில் எங்கள் வாடகை வீட்டில் தங்கி ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களை அளவு பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மேலே படிப்பதற்காக வாங்கிவைத்த விண்ணப்பம் அவள் பெட்டியிலேயே கிடந்தது. மாப்பிள்ளைக்குப் பூனாவில் வேலை.

“போவாத சித்தி” என்று நாள் தவறாமல் நச்சரித்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு சாயங்காலம், என் ரஃப் நோட்டை வாங்கி 10,00,001 என்று எழுதினாள்.

“இத மிச்சமில்லாம வகுக்கற நம்பர் ஒண்ணு கண்டுபுடி கண்ணு. ஒண்ணும், இதே நம்பரும் ஆவாது. கண்டுபுடிச்சிட்டா நான் போவல.”

அன்றிலிருந்து நான் விளையாடப் போகவில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வகுத்தேன். ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றிலும் இரண்டு மிச்சம் நின்றது. மகளுக்குத் திடீரென்று படிப்பில் அக்கறை வந்துவிட்டதென்று அப்பா பூரித்துப்போய்ப் புது நோட்டு வாங்கித் தந்தார்.

ஒருநாள் சித்தி எட்டிப் பார்த்தாள். “ரெண்டால போவலன்னா நாலாலயும் போவாது, ஆறாலயும் போவாது. அதெல்லாம் விட்டுட்டுப் போ. நாள் கம்மியா இருக்குதில்ல.”

கிருஷ்ணகிரி மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில் நூற்றியொன்றை எடுத்தேன். 9,901 முறை. மிச்சம் பூஜ்யம். நம்பாமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஓடினேன்.

சித்தியின் இரண்டு கைகளிலும் மருதாணி. நோட்டை நான் பிடித்துக்கொள்ள, வாய்க்குள்ளேயே பெருக்கிப் பார்த்தாள்.

“சரியாத்தான் இருக்குது.”

“அப்ப நீ போவமாட்டல்ல?”

அவள் என் அம்மாவைப் பார்த்தாள். புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “வேன் வந்து நிக்குது. இப்பப் போயி என்ன கணக்கு?”

சித்தி முழங்கைகளால் என்னை அணைத்துக்கொண்டாள். நான் திமிறி விலகினேன். ஏமாற்றுக்காரி என்று நினைத்தேன். கல்யாணத்தில் அவளோடு ஒரு போட்டோவில்கூட நிற்கவில்லை. இப்போது அவளுக்குப் பூனாவில் இரண்டு பிள்ளைகள். போனில் பேசும்போது ஓசூரில் மழையா என்று கேட்பாள். இன்னும் கொஞ்சம் பேசமாட்டாளா என்றிருக்கும். அதற்குள் பின்னாலிருந்து யாராவது அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கல்லூரியில் நானும் கணக்குதான் எடுத்தேன். ஒரு மதியம், சும்மா இருக்க முடியாமல் அந்த எண்ணுக்குப் பக்கத்து எண்களைப் பார்த்தேன். இரண்டு கூட்டினால் வரும் பத்து லட்சத்து மூன்று, ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் வகுபடாத எண். என்னை அடக்கிவைப்பதுதான் நோக்கமென்றால் சித்தி அதைக் கொடுத்திருக்கலாம். ஆயுசு முழுக்க வகுத்துக்கொண்டிருந்திருப்பேன். விடை உள்ள எண்ணாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள். அந்த விடை சீக்கிரம் வரவேண்டுமென்று அந்த வீட்டில் என்னைவிட ஆசைப்பட்டது யார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.