கற்றாழை மடல்

எங்கள் வீட்டு நிலைவாசலில் சோற்றுக்கற்றாழை ஒன்று தலைகீழாகத் தொங்கியது. மண்ணும் நீரும் இல்லாமலே அது பசுமையாக இருந்தது. வெளியார் கண் படாதிருக்க, அப்பாவின் அக்காவான அத்தை அதைக் கட்டியிருந்தாள். எரிந்துகொண்டிருந்த கண் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது, தம்பிக்கு ஒன்றரை.

நான் பள்ளியிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவன் அம்மாவின் முந்தானைக்குள் இருப்பான். உறிஞ்சுவதை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வையில் ஏளனம் இருந்ததென்று இன்றும் சத்தியம் செய்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தை கொல்லையிலிருந்து ஒரு மடலை அறுத்து வந்தாள். தீச்சுட்ட புண்ணுக்கு அதன் சோறு. உடற்சூட்டுக்கு அதையே ஏழுமுறை கழுவி மோரில் கலந்து தருவாள். கழுவிக் கொட்டும் மஞ்சள் சாற்றுக்கும் ஒரு வேலை வைத்திருந்தாள்: பால்குடி மறக்கடிப்பது.

"பூசிக்கோமா. இன்னும் எத்தினி நாளு குடுத்துக்கினு இருப்பே?" என்றாள் அம்மாவிடம்.

தம்பி வாய் வைத்தான். முகம் சுருங்கி வீறிட்டான். நான் தம்பி தூங்கும் ஏணைத் துணியில் முகம் புதைத்துச் சிரித்தேன்.

மறுநாள் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தண்ணீர்த் தொட்டியருகே அம்மா ஈரத்துணியால் மார்பைத் துடைப்பதைக் கண்டேன். பிறகு கதவை ஒருக்களித்துவிட்டுத் தம்பியை அணைத்துக்கொண்டாள். ஓடிப்போய் ஒரு மடலை ஒடித்து வந்து நீட்டினேன்.

"கயுவிட்டியேமா. திரும்பப் பூசிக்கோ. அத்தகிட்ட சொல்ல மாட்டேன்."

அம்மா அந்த மடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடு இப்பிடி. உனுக்கு என்னாடி அவ்ளோ அவசரம்?"

வாங்கிப் பூசிக்கொண்டாள். அதன்பின் அவள் துடைக்கவில்லை.

ஞாயிறன்று அவள் மார்பில் பால் கட்டிக்கொண்டது. அதே செடியின் சோற்றைத்தான் அத்தை அந்த வீக்கத்தின்மேல் வைத்துக் கட்டினாள். மடி ஒழிந்திருந்தது; தலை சாய்த்தேன்.

"நோவுதுமா. தள்ளிப் படு."

பொறுத்துக்கொண்டேன். நாளை நோகாது.

திங்கள் காலை, தம்பி மறதியாக மடியேறிவிடக் கூடாதே என்று முன்னெச்சரிக்கையாக நானே ஒரு மடலை ஒடித்து எடுத்து வந்தேன். அம்மாவோ பட்டுக்கடையின் சீருடைப் புடவையில் நின்றாள். தம்பி பிறந்தபோது விட்ட வேலைக்குத் திரும்புகிறாள் என்றும், விளக்கு வைத்த பிறகுதான் வருவாள் என்றும் அத்தை சொன்னாள். ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் அவள் ஏறினாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

தொங்கும் கற்றாழையின் கீழே நாங்கள் இருவரும் நின்றோம். மூன்று நாளாக அந்த மடி எனக்காக ஒழிகிறதென்றே நம்பியிருந்தேன். அழுதுகொண்டிருந்த தம்பி, மஞ்சள் சாறு காயாத என் விரலைப் பற்றி வாயில் வைத்துக்கொண்டான். முகம் சுருங்கியது, ஆனால் விரலை விடவில்லை.

அத்தனை கசப்பையும் அவன் ஏன் துப்பவில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.