மூன்றாவது அழைப்பு

கோர்ட் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருக்கும். அதன் கீழேயே நின்று, வழக்குக்கு வந்தவர்களின் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிட ஒரு டவாலியை வைத்திருப்பார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் வாரண்ட். இந்தக் கூத்தை நானும் வக்கீல் கோட்டு மாட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். இது என்ன நியாயம் என்று வாயைத் திறந்து கேட்டது என் தோழி ஃப்ளோரன்ஸ் ஒருத்திதான்.

சாந்தோம்காரி. மாதா கோயில் பாடகர் குழுவில் அவளுக்கு மைக் தேவையில்லை. கோர்ட் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எனக்கே காது வலிக்கும். வசதியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவியில் வாதாடுகிறாள். அப்படி வந்தவன்தான் மகேஷ்.

ரங்கநாதன் தெருவில் செல்போன் பறித்ததாக வழக்கு. போன வாய்தாவுக்கு வந்து வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தான். டவாலி கூப்பிட்டபோது மட்டும் எழவில்லை. திமிர் என்று சொல்லி உள்ளே தள்ளினார்கள். பிறகு ஜாமீன் வாங்கிய ஃப்ளோரன்ஸிடம், "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா, கேஸ் முடியற வரைக்கும் ஜெயில்தான்" என்றார் மாஜிஸ்திரேட் சாருலதா.

ஏன் எழவில்லை என்று அவனிடம் கேட்டவளும் ஃப்ளோரன்ஸ்தான்.

"ஹோம்ல வளந்தேன் மேடம். வார்டன் பேர கூப்ட்டா அடி வுழும். இப்பவும் யார்னா கத்தி கூப்ட்டா காது அடச்சிக்கும், காலு வராது."

அவனைக் கத்திக் கூப்பிட வேண்டாம் என்று மனநல டாக்டரின் சான்றிதழோடு மனு போட்டாள். ஒருவருக்காக நடைமுறையை மாற்ற முடியாது என்று தள்ளுபடியானது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாய்தாவில் வராந்தாவில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முதல் அழைப்பு வந்தது. அவன் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். இரண்டாவது அழைப்பு. தோளைத் தொட்டாள், உதறிவிட்டுச் சுவரோடு ஒண்டினான். வாரண்டை எதிர்பார்த்துப் போலீஸ்காரர் எழுந்து நின்றார்.

ஃப்ளோரன்ஸ் உள்ளே ஓடினாள். "அம்மா, என் கட்சிக்காரர் வந்திருக்கார். கதவு வழியா பாருங்க. மூணாவது தடவை மட்டும் கூப்பிட வேணாம். கடைசியா எடுத்துக்குங்க."

மாஜிஸ்திரேட் வாசலைப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டு சுருண்டிருந்தவனை வெகுநேரம் பார்த்தார். டவாலி மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"இருங்க," என்றார் சாருலதா. "அடுத்த கேஸ்."

கோர்ட் மதியச் சாப்பாட்டுக்குக் கலையும் நேரத்தில், யாரும் கூப்பிடாமல் மகேஷ் உள்ளே வந்து கூண்டில் நின்றான்.

"வந்துட்டீங்களா?" மாஜிஸ்திரேட் மெல்லக் கேட்டார்.

"வந்துட்டேம்மா."

"இனிமே நேரா உள்ள வந்து உக்காருங்க. உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

வெளியே வந்தவன் விட்டால் போதும் என்று கூட்டத்தோடு படியிறங்கினான். அடுத்த வாய்தா தேதியை அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடி, அவன் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க மெதுவாகத் தேதியைச் சொன்னாள்.