அண்ணன் ரயிலுக்கு எந்தக் கரண்டு

எங்கள் அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்குக் கிளம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவராகவே வந்து, "அந்த ரயிலுக்குக் கரண்டு என்னாச்சுன்னு பாருடா" என்றார். ரயில் அண்ணனுடையது. அண்ணன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையை ஒட்டித் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அம்மா எப்போதோ போய்விட்டார். அப்பா கரும்பும் கடலையும் பார்த்துக்கொண்டார். நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் பட்டறையில் இருந்தேன். அண்ணன் ஆறு வருஷம் கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஒரு தடவை லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பான். அவன் கூடவே வந்தது ஒரு பெட்டி. அதற்குள் ஜெர்மனியில் வாங்கிய விளையாட்டு ரயில் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் பச்சை எஞ்சின், நான்கு பெட்டிகள், ஒரு கட்டுத் தண்டவாளம், சுவரில் செருகி ஓட்டுவதற்குத் திருகு வைத்த ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர்.

எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது நிஜ ரயிலே கிடையாது. பார்க்க வேண்டுமானால் சேலத்துக்கோ கரூருக்கோ போக வேண்டும். அண்ணன் மாடி அறையில் இரண்டு கட்டில் அகலத்துக்குப் பலகை அடித்து, சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குத் தானே ஒரு லைன் போட்டுவிட்டான். சணலையும் சுண்ணாம்பையும் குழைத்து நாமக்கல் மலையைச் செய்தான். ராசிபுரத்தில் ஒரு ஸ்டேஷன் கட்டினான். எங்கள் கிணறு இருக்கும் இடத்தில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினான். முப்பது வயது ஆம்பிளை பகலெல்லாம் இதைச் செய்துகொண்டிருந்தால் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்பா மட்டும் அவனை ஒன்றும் சொல்ல மாட்டார். பெரியவன் என்றால் அவருக்கு உயிர்.

சொன்னது ஒரே ஒரு நாள். மாசி மாதம். கரண்டு வந்தாலும் வோல்டேஜ் இல்லை. கிணற்று மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடும். மூன்றாவது முறை நின்றபோது அப்பா வீட்டுக்கு வந்தார். மாடியில் ரயில் ஓடும் சத்தம் கேட்டது. "என்ற பயிரு காயுது, என்ற கரண்டுல நீ பொம்ம ஓட்டறயா?" என்று கத்திவிட்டு, மாடிக்குப் போகும் லைனின் பீஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தார். அண்ணன் இறங்கி வந்தான். கோபமே இல்லை. "சரிங்கப்பா. உங்க கரண்டு வேண்டாமுங்க. சேலம் போயி வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தான். புதுச்சத்திரம் தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் போய் மோதிவிட்டான்.

அவன் சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டைப் போலீஸ்காரர் என் கையில் கொடுத்தார். 'பன்னிரண்டு வோல்ட், ஒரு ஆம்ப்' என்று எழுதியிருந்தது. அதை நான் அப்பாவுக்குக் காட்டவில்லை.

மாடி அறையைப் பூட்டிவிட்டோம். வைகாசியில் கடலை மூட்டைகளை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. வெளிச்சம் வேண்டுமே என்று பீஸ் கட்டையைத் தேடி எடுத்துத் திரும்பச் செருகினேன். அப்போது கரண்டு இல்லை. மூட்டையை அடுக்கிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் யாரும் சுவிட்சை அணைக்கிற வழக்கம் இல்லை. கரண்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானில் ஒரு குச்சியைச் செருகி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானே எடுத்துக்கொள்ளும். அண்ணனும் அந்த ஊர்க்காரன்தான். பீஸைப் பிடுங்கிய அன்று ரயில் ஓடிக்கொண்டிருந்தது. திருகைத் திருப்பி அணைக்காமலே கீழே இறங்கிவிட்டான்.

அன்று மத்தியானம் கரண்டு வந்திருக்கிறது. அப்பா வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். பூட்டிய அறைக்குள் ரயில் ஓட ஆரம்பித்திருக்கிறது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, காய்ச்சலில் நான் வீட்டில் படுத்திருந்த ஒரு நாள்தான் எனக்குத் தெரியவந்தது. காலையில் போன கரண்டு இரண்டு மணிக்கு வந்தது. தலைக்கு மேல் 'கடகட' என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் மாடிப்படியின் மேல் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அறைக் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே போகவில்லை. வெளியிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"பெரியவனே, இன்னைக்குக் கரும்புக்குத் தண்ணி உட்டேன். மேவரப்புப் பக்கம் பாயவே இல்ல. நீ இருந்திருந்தா மம்பட்டி புடிச்சிருப்பே. ஒத்தையா எனக்கு முடியறதில்லடா."

ஒத்தையா. கீழே நான் இருந்தேன். இருபத்தைந்து வருஷமாக அதே வீட்டில் இருந்தேன். மேவரப்பில் மண்வெட்டி பிடித்ததும் நான்தான். அண்ணன் அதைத் தொட்டதே கிடையாது. என்னிடம் "சாப்பிட்டயா" என்றுகூடக் கேட்காத மனுஷன், செத்துப்போனவனிடம் வரப்பு வரப்பாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் ரயில் மெதுவாகி நின்றது. அப்பாவும் பேச்சை நிறுத்திவிட்டு, "சரி, போயிட்டு வா" என்று சொல்லி எழுந்தார்.

ரயில் ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கரண்டு வந்ததும் வோல்டேஜ் நன்றாக இருக்கும். ஒவ்வொரு கிணறாக மோட்டார் எடுக்க எடுக்க அது இறங்கிவிடும், அடுத்து கரண்டு போய் வரும்வரை ஏறாது. அண்ணன் போனபிறகு தண்டவாளத்தில் தூசி படிந்திருந்ததால் கொஞ்சம் இறங்கினாலே எஞ்சின் நின்றுவிடும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருந்தது பாசத்தால் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் அவனிடம் இன்னும் என்னவெல்லாம் சொல்கிறார் என்று கேட்கும் ஆசையும் இருந்தது. லீவு நாட்களில் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு கேட்பேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பீஸ் பிடுங்கியதைப் பற்றியும் வரவில்லை. அந்த இடத்துக்கு வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாக் கிணற்றிலும் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். இழுக்க ஆள் இல்லாமல் வோல்டேஜ் எகிறிற்று. வீட்டில் இரண்டு பல்பு போயிற்று. மாடியில் டிரான்ஸ்பார்மர் புகைந்து கருகிவிட்டது. நான்கு நாள் அப்பா படியில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள்தான் என் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றார்.

நாமக்கல்லில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம் போனேன். கருகியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பன்னெண்டு வோல்ட்டுதானுங்களே தம்பி? ஒரே காயிலா ஆட்டோ டைப்புல கட்டுனா நாளைக்கே தந்துருவேன். ஆனா தண்டவாளத்துல நேரா ஊட்டுக் கரண்டே வந்தாலும் வருமுங்க. கை வெக்கறவங்களுக்கு நான் பொறுப்பில்லீங்க. ரெண்டு காயிலாத் தனித்தனியாக் கட்டுனா பயமில்ல, நாலு நாள் ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சேலத்தில் ஒரு ரேடியோ கடையில், பேட்டரிக்குப் பதிலாகச் சுவரில் செருகும் எலிமினேட்டர் கொடுத்தார்கள். அங்கேயே எஞ்சினை வைத்துப் பார்த்தேன். உறுமியது, நகரவில்லை. டிரான்சிஸ்டர் பாட வைக்கத்தான் அது லாயக்கு.

மூன்றாவது வழி என் பட்டறையிலேயே இருந்தது. லாரி பேட்டரி. அதே பன்னிரண்டு வோல்ட். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் ஏறாது, இறங்காது. வேகத்தைக் குறைக்க ஒரு பழைய ரெசிஸ்டன்ஸ் போதும். எஞ்சின் தடம் புரண்டு ஷார்ட் ஆனால் தண்டவாளம் உருகிவிடாமல் இருக்க, லைனில் ஒரு ஹெட்லைட் பல்பைச் சேர்த்துவிட்டால் அது எரிந்து காட்டிக்கொடுக்கும். எங்கள் பட்டறையில் எதற்கெடுத்தாலும் இந்தப் பல்பு வைத்தியம்தான். பாதுகாப்பு என்று பார்த்தால் இதற்கு மேல் கிடையாது.

யாராவது கேட்டிருந்தால், பாதுகாப்புக்காகத்தான் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லியிருப்பேன். பொய். காயில் கட்டுபவரிடம் நான்கு நாள் பொறுத்திருந்தால் நல்ல டிரான்ஸ்பார்மரே கிடைத்திருக்கும். அதில் கரண்டு வரும்போதெல்லாம் ரயில் தானாக ஓடும். அண்ணன் வருவான், அப்பா பேசுவார், நான் கீழே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேட்டரியில் அந்தச் சோலியே இல்லை. ஒரு ஆள் போய்ச் சுவிட்சைப் போட்டால்தான் ஓடும். உயிரோடு இருக்கிற ஆள். செத்துப்போன அண்ணன் மேல் எனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்தது.

மழை விட்டுப் பத்து நாளாகியிருந்தது. கார்த்திகை வெயில். அப்பா தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து மாடிக்குத் தூக்கினேன். பலகைக்கு அடியில் வைத்து, வெளியே தெரியாமல் சாக்கைப் போட்டு மூடினேன். ஒயரை இணைத்து, தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மோட்டார் சத்தங்கள் நின்றன. கிணறு கிணறாக நின்று, தோட்டம் முழுக்க அமைதியாகிவிட்டது. கரண்டு போய்விட்டது. எனக்கென்ன, என் ரயிலுக்குக் கரண்டு வேண்டாமே என்று சுவிட்சைப் போட்டேன்.

ஓடியது. அண்ணன் இருந்த நாளில்கூட அப்படி ஓடியதில்லை. ஒரே சீராக ராசிபுரத்தைத் தாண்டி, மலையைச் சுற்றி, பொத்தானை ஒட்டிப் போயிற்று. ஜன்னல் பக்கம் குனிந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் யாரோ வேகமாக ஏறும் சத்தம் கேட்டது. அப்பா கதவில் நின்றார். கால் முழுக்கச் சேறு. மோட்டார் நின்றதால் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஊரிலேயே கரண்டு இல்லை, தலைக்கு மேல் ரயில் ஓடுகிறது. அவர் கண் இரண்டிலும் புரை விழுந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. அவர் முதல் தடவையாக அந்த அறைக்குள் காலை வைத்தார்.

"வந்துட்டயா பெரியவனே?"

பேட்டரிங்கப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். சாக்கை விலக்கிக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே கிடையாது.

"வந்துட்டேனுங்கப்பா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பீசப் புடுங்குனது தப்புத்தாண்டா. பயிரு காயற ஆத்தரம். உன்ற மேல எனக்கென்னடா கோவம்?"

"அது போனாப் போச்சாட்டாதுங்கப்பா. நானும் அன்னிக்கு அப்படிப் போயிருக்கக் கூடாதுங்க."

செத்தவன் சார்பில் மன்னிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் மூச்சு இறங்கியது. வெகுநேரம் என் கையை விடவில்லை. ரயில் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, பக்கத்து அறையில் யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"சின்னவன்தான் பாவம்டா. இந்த ஊட்டுல எல்லாப் பாடும் அவந்தான் படறான். எனக்குத் தெரியாமயா இருக்கு? அவங்கிட்ட ஒரு வார்த்த பேச எனக்கு வரவே மாட்டீங்குது. நீயாவது அவங்கிட்டச் சொல்லு."

"சொல்றேனுங்கப்பா" என்றேன்.