மாமியின் கட்டன் சாயா

எனக்கு அப்போது ஏழாம் மாதம். ரத்தம் ஏறவே இல்லை என்று டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். இப்படியே போனால் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்ற வேண்டிவரும், கொடுக்க ஆள் பார்த்து வையுங்கள் என்றார். யாரைக் கேட்பது என்று நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

கூட வந்திருந்த என் மாமியாருக்கு ஒரு கலக்கமும் இல்லை. "எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்புதான். நான் தாறேன், எடுங்க" என்று கையை நீட்டினார். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. கொட்டாரம் சந்தைக்குச் சேர்ந்து போனால் நான்தான் பின்தங்குவேன்.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு மருமகளவிடக் கம்மி. உங்களுக்கே யாராவது குடுக்கணும்."

மாமி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"மருமக இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதாங்களா?" என்று நர்ஸ் கேட்டதும் மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நானே எடுத்துக் குடுப்பேன். குமட்டாம இருக்க கூடவே கட்டன் சாயாவும் குடுப்பேன்."

போச்சு! பால் விடாத அந்தத் தேயிலைத் தண்ணீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம், நர்ஸ் சொன்னார். கருப்பட்டி போட்டு மாமி ஆற்றித் தருகிற சாயாவுக்காகத்தான் நான் அந்த மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மாமிக்கோ சாயாதான் பாதிச் சாப்பாடு. எல்லாரும் தின்றபிறகு சட்டியில் மிஞ்சிய மீன்சாறு, ஒரு பிடிச் சோறு, அதன்மேல் சாயா. மீன் துண்டெல்லாம் என் தட்டில். கேட்டால், சாறுதான் பிடிக்கும் என்பார். பச்சைப் பொய்!

ஆஸ்பத்திரி வாசலிலேயே சண்டை பிடித்தேன். "ரத்தம் குடுக்க வந்துட்டாங்க, பெரிய ஆளு! இனி நீங்க எங்கூட இருந்து தின்னாத்தான் நானும் திம்பேன், மாமி."

"ஏட்டி, கத்தாத. ஆளு பாக்குது" என்றார். கண் நிறைந்திருந்தது.

அன்றுமுதல் இருவருக்கும் மாத்திரை, எலுமிச்சைத் தண்ணீரோடு. சாயா சாயங்காலம் மட்டும். மீன் துண்டை நான் அவர் தட்டில் வைப்பேன், அவர் என் தட்டுக்குத் தள்ளுவார். "செத்த மீனு என்னமா ஓடுது!" என்பார் மாமனார். கடைசியில் மாமி தின்பார். நான் விடமாட்டேனே.

பிரசவத்துக்கு யாருடைய ரத்தமும் தேவைப்படவில்லை. பெண் பிள்ளை. மாமி கையில் வாங்கி, நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு, "மக்கா, எல்லாரும் தின்ன பொறவுதான் திங்கணும்னு ஒனக்கு ஒண்ணும் இல்ல, கேட்டியா" என்றார்.